ஆசா ஃபென்னர் குறித்துக் கண்ணியக் குழு எழுதிய கடிதம்

நம் குடியரசின் பெரிய மனிதர்கள் கடிதம் எழுதும் அழகை என்னைப் போல் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் இந்தப் பிலடெல்பியாவில் அதிகம் இருக்க மாட்டார்கள். அவர்கள் மை கொட்டிய மேசைவிரிப்புகளைத் துவைத்துத் துவைத்தே என் விரல் நுனிகள் கறுத்துப் போயின. மல்பெரி தெருவில் இருக்கும் என் வீட்டு மாடியில்தான் அவர்கள் தங்குவார்கள். எங்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடும் மாதங்களில் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் நான். பெயர் டார்க்கஸ் ஹெய்ஸ்லர். கணவன் இல்லை, வாய் உண்டு.

மாடியில் கிழக்குப் பார்த்த அறை திரு. தாடியஸ் லாரபிக்கு. மாசசூசெட்ஸ்காரர், வக்கீல், ஒல்லி. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் சூப் ஆறி மேலே ஆடை படியும்வரை முடிக்க மாட்டார். எதிர் அறை திரு. பெவர்லி கார்ட்ரைட்டுக்கு. அவருக்கு வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டமும், அதில் உழைக்க விலைக்கு வாங்கிய மனிதர்களும், சுதந்திரத்தைப் பற்றி உரக்கப் பேசும் வழக்கமும் இருந்தன. இவர்கள் இருவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்ததுதான் அயல்நாட்டுக் கடிதங்களின் கண்ணியக் குழு. வெளிநாட்டான் யாருக்கு அரசாங்கம் எழுதினாலும் கடிதம் இவர்கள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் கண்ணியம் குறைகிறதா, மிஞ்சிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது இவர்கள் வேலை. கூட்டம் என் சாப்பாட்டு அறையில் நடக்கும். ஊரிலேயே நன்றாக எரியும் கணப்பு அங்கேதான் இருந்தது.

எதிரெதிர் அறையில் இருந்த இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். கடிதம் எழுதுவார்கள். கார்ட்ரைட்டின் குறட்டையால் தூக்கம் கெடுகிறது என்று லாரபி ஒரு தடவை மூன்று தாள் எழுதினார். முதல் தாளில் ரோமாபுரி செனட்டும் இரண்டாவதில் இயற்கைச் சட்டமும் வந்தன. குறட்டை மூன்றாவதில்தான் வந்தது. கடைசியில், "தங்கள் மிகப் பணிவுள்ள, மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்" என்று கையெழுத்து. அதை வெந்நீர்ச் செம்போடு சேர்த்து நான்தான் எதிர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு எட்டுத் தூரம். பதிலாக ஐந்து தாள் வந்தது. நடுவில் முழுக்க வசை, முடிவில் அதே பணிவு.

ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று பிரதி உண்டு. ஒன்று பெறுகிறவருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று வருங்காலச் சந்ததிக்கு. சந்ததிக்கான பிரதியைத்தான் முதலில், நல்ல காகிதத்தில், நல்ல கையெழுத்தில் எழுதுவார்கள். அப்புறம் கோப்புக்கு. பெறுகிறவருக்கு மிச்சம் கிடந்த தாளில் அவசரமாகக் கிறுக்குவார்கள். என்ன இது என்று ஒருநாள் கேட்டேன். பெறுகிறவர் ஒரு தடவைதான் படிப்பார், சந்ததி நூறு வருஷம் படிக்கும் என்றார் லாரபி. குறட்டையைப் பற்றியா என்று கேட்கவந்து, வாடகை தருகிறவர் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு வசந்த காலத்தில் தமாரிஸ் என் சமையற்கட்டுக்கு வந்தாள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் பாய் தைக்கிறவள். அவள் கணவன் ஆசா ஃபென்னர் மாலுமி. ஆசாவைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் மஞ்சள் காய்ச்சல் வந்து ஊரே செத்துக்கொண்டிருந்தபோது, என் மாடிக் கனவான்கள் அத்தனை பேரும் முதல் வாரத்திலேயே வண்டி பிடித்து ஓடிவிட்டார்கள். என் கணவன் கட்டிலில் செத்துக் கிடந்தான். தொட ஆள் இல்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அவனைத் துணியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் ஆசா. அவனுக்கு நான் எந்த விதத்திலும் உறவில்லை. அவனை நான் மறந்தால் என் வாயில் மண் விழட்டும்.

அந்த ஆசாவை ஆங்கிலேயக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. வடக்கே, ஆங்கிலேயர் வசம் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துப் பக்கம் அவன் போன சரக்குக் கப்பலை 'கான்ஸ்டன்ஸி' என்ற போர்க்கப்பல் நிறுத்தியது. ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, கை கால் உரமாக இருந்தவர்களை எல்லாம் நீ ஆங்கிலேயன், எங்கள் அரசரின் பிரஜை என்று சொல்லி இழுத்துக்கொண்டார்கள். ஆசா தான் பிலடெல்பியாவில் பிறந்தவன் என்று சொல்லியிருக்கிறான். அந்தக் கப்பலின் கேப்டன் ஆஷ்பி என்பவன் சிரித்தானாம். எல்லாரும் அதைத்தான் சொல்கிறீர்கள், பெண்டாட்டிகளும் அம்மாக்களும் எழுதிய கடிதம் என்னிடம் ஒரு பீப்பாய் இருக்கிறது, உன் அரசாங்கம் ஒரு வரி எழுதட்டும், அன்றைக்கே இறக்கிவிடுகிறேன் என்றானாம். இதைத் தப்பி வந்த கூட்டாளி ஒருவன் தமாரிஸிடம் வந்து சொன்னான்.

"ஒரு வரிதானேக்கா? உங்க மாடியிலதான் அரசாங்கம் இருக்குன்னு சொன்னாங்க. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்" என்றாள்.

அவள் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். நான் அவளைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். லாரபி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண் கலங்கக்கூடச் செய்தார். அப்புறம் மனுவை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். நான்தான் எதிரிலேயே நிற்கிறேனே என்றாள் தமாரிஸ். நிற்பதைத் தான் பார்ப்பதாகவும், ஆனால் குழு இன்னும் அவளைப் பெற்றுக்கொள்ளவில்லை என்றும் அவர் அன்பாக விளக்கினார். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பெற்றுக்கொண்டதும், முதல் தடவை பார்க்கிறவர் போல அவளைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார்.

"ஒரு வரி போதும்னு சொல்றீங்க. தப்பா நினைக்காதீங்கம்மா, உங்களுக்குப் பழக்கமில்ல. ஒரு ஆளை விடுவிக்கச் சொல்றது சுலபம். அதைக் கம்பீரமா கேக்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

கம்பீரம் முதல் சொல்லிலேயே இடித்தது. கடிதத்தை யாருக்கு எழுதுவது? ஆஷ்பி வெறும் கேப்டன். ஒரு குடியரசு ஒரு கேப்டனுக்கு எழுதினால் அது அவனுக்குச் சமம் ஆகிவிடும். அவனுடைய அட்மிரலுக்கு எழுதலாம் என்றால், அட்மிரல் ஒரு பிரபு. "பிரபு அவர்களே" என்று போட்டால் நாம் பட்டங்களை ஏற்றுக்கொண்டதாகும். போடாவிட்டால் அவர் பிரித்தே பார்க்க மாட்டார். ஒரு உறுப்பினர் மரியாதைச் சொல்லே இல்லாமல் தொடங்கலாம் என்றார். இன்னொருவர், மரியாதைச் சொல்லுக்கு உரிய இடத்தை வெற்றாக விட்டு, வேண்டியதைப் பெறுகிறவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்றார். இதைச் சொன்னவர் கல்லூரி ஒன்றில் தலைவராக இருந்தவர். கடைசியில் கேப்டனுக்கே எழுதுவது, ஆனால் அவன் கேப்டன் என்பது நமக்குத் தெரியாதது போல எழுதுவது என்று முடிவானது. அதற்குள் என் முற்றத்தில் லைலாக் பூத்து உதிர்ந்துவிட்டது.

அடுத்து முடிவு வரி வந்தது. வழக்கம்போல "தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்" என்று லாரபி எழுதியிருந்தார். கார்ட்ரைட் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால், அவர் விலைக்கு வாங்கிக் கொண்டுவந்திருந்த மனிதர், கையில் அவருடைய பூட்சோடு நின்றிருந்தார். அந்த மனிதருக்குச் சிப்பியோ என்று பெயர் வைத்திருந்தார் கார்ட்ரைட்.

"ஊழியனா? சுதந்திர மண்ணுல பொறந்த மனுஷன் இன்னொருத்தனுக்கு ஊழியன்னு கையெழுத்துப் போடுறதா? எங்க தோட்டத்துல கேட்டுப் பாருங்க, என்னைவிட அடிமைத்தனத்தை வெறுக்கிறவன் எவனும் கிடையாது" என்றார். பிறகு காலை நீட்டினார். சிப்பியோ குனிந்து பூட்சை மாட்டிவிட்டார்.

இந்த ஊழியன் என்ற சொல்லுக்காக நடந்த போரை நான் என்னவென்று சொல்வது. லாரபி கார்ட்ரைட்டுக்கு எழுதினார், கார்ட்ரைட் லாரபிக்கு எழுதினார், இரண்டு பேரும் தங்கள் மாநிலத்து நண்பர்களுக்கு எழுதினார்கள், நண்பர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். ஊழியன் என்று கையெழுத்துப் போடுவது கேவலம் என்று சொன்ன கடிதங்களும் "தங்கள் ஊழியன்" என்றே முடிந்திருந்தன. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு செய்தித்தாளுக்குப் போனது. அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுத மாட்டார்கள், ரோமாபுரிக்காரன் எவன் பெயரையாவது போட்டுக்கொள்வார்கள். கார்ட்ரைட்டுக்குக் கொஞ்சம் சிரமம் ஏற்பட்டது. நல்ல ரோமப் பெயர்களை எல்லாம் தோட்டத்தில் அடிமைகளுக்கு வைத்துத் தீர்த்துவிட்டிருந்தார். தேடித்தேடி ஃபாப்ரிசியஸ் என்று ஒன்றைப் பிடித்தார். லாரபி ரெகுலஸ் ஆனார்.

ஃபாப்ரிசியஸ் இரண்டு வாரத்தில் களைத்துப்போய் நிறுத்திவிட்டார். லாரபிக்குத் தாங்கவில்லை. எதிர்ப்பு இல்லாமல் எப்படிப் பதில் எழுதுவது? அவரே புருட்டஸ் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, ரெகுலஸை அயோக்கியன், கோழை, ஆங்கிலேயரின் கைக்கூலி என்று காறித் துப்பி ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்த அன்று காலை, என் மேசையில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு முகம் சிவந்து, முட்டையைத் தொடாமல் எழுந்து போனார். நிஜமாகவே புண்பட்டிருந்தார். அன்றிரவே பதில் எழுதினார்.

தமாரிஸ் தினமும் வருவாள். விடிந்ததும் வந்து சமையற்கட்டு வாசலில் நின்று, முடிந்ததா அக்கா என்பாள். முதலில் நான் பட்டாணி உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்ல வெட்கமாகிவிட்டது.

"இன்னைக்கு என்னக்கா பேசுனாங்க?"

"புருட்டஸ் ரெகுலஸைத் திட்டிட்டாராம்."

"அவங்கல்லாம் யாரு? ஆசாவை அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவங்க செத்து ரொம்ப நாளாச்சு."

செத்தவங்களையெல்லாம் எதுக்குக்கா தொந்தரவு பண்றாங்க, உயிரோட இருக்கிறவனைப் பத்தி எழுதச் சொன்னேன் என்றாள். ஒரு கிண்ணம் மிளகு சூப் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் ஒரு வழியாகச் சமாதானம் ஆயிற்று. ஊழியன் என்ற சொல் இருக்கும், ஆனால் சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்து உடம்பு, அதாவது கடிதத்தின் நடுப்பகுதி. அதை லாரபி பதினைந்து தாளில் முடித்து, குழுவுக்கு வாசித்துக் காட்டினார். நான் கணப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று வந்தது. ரோமாபுரி அழித்த கார்த்தேஜ் வந்தது. நடுநிலைமை, மூதாதையர், புயலில் தவிக்கும் கப்பலாகிய உலகம் எல்லாம் வந்தன. கல்லூரித் தலைவர் அழுதார். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ஆசா எங்கே என்று கேட்டேன்.

பதினொன்றாம் தாளில் "ஒரு குடிமகன்" என்று இருப்பதாகச் சொன்னார் லாரபி.

பெயர் வேண்டாமா என்றேன். கார்ட்ரைட் இந்த ஒரு விஷயத்தில் லாரபியோடு முழுக்க ஒத்துப்போனார். "பேரைப் போட்டா அது ஒரு ஆளோட பிரச்சினை. பேர் இல்லாட்டித்தான் அது கொள்கை" என்றார்.

நான் விடவில்லை. பெயர் இல்லாமல் போனால் அடுத்த மாத வாடகையை இரட்டிப்பாக்குவேன் என்று சொன்னேன். குழு தனியாகக் கூடிப் பேசியது. கொள்கைக்கும் வாடகைக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயர் இருக்கும், ஆனால் ரகசிய எண்ணில் இருக்கும். நம் கனவான்கள் கடல்தாண்டி எழுதும் கடிதங்களில் முக்கியமான பெயர்களை அப்படித்தான் மறைப்பார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதற்கு ஒரு புத்தகம் உண்டு. அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். அதில் ஆசாவுக்கு 214 என்று இடம் கொடுத்தார்கள். அது ஒரு கௌரவம் என்று லாரபி தமாரிஸிடம் சொன்னார். 213 ஒரு பிரெஞ்சு இளவரசராம்.

"அந்த எண்ணு ஆசாதான்னு கேப்டனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியக்கூடாது. கடிதம் எதிரி கையில சிக்கிட்டா?"

"கடிதமே எதிரிக்குத்தானே போகுது?"

லாரபி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதனாலதாம்மா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

கோப்புக்கும் சந்ததிக்கும் வைத்தது போக, கேப்டனுக்கு மூன்று கப்பல்களில் மூன்று பிரதிகள் அனுப்பினார்கள். ஒன்று மூழ்கினாலும் மற்றது போய்ச் சேருமாம். துறைமுகத்தில் தமாரிஸ் மூன்று கப்பலுக்கும் கையசைத்தாள். நான் அவளிடம் எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. கேப்டன் புத்திசாலியாக இருப்பான், கேட்டுத் தெரிந்துகொள்வான் என்று என் மனசைத் தேற்றிக்கொண்டேன். புத்தியை நம் பக்கத்தில் காணாமல் எதிரிப் பக்கத்தில் தேட வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சாப்பாட்டு அறையில் ஒரே சிரிப்பு. நான் நண்டுத் தட்டோடு உள்ளே போனேன். லாரபி ஒரு சின்னத் தாளைக் கையில் வைத்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அது ஆஷ்பியின் பதில். வந்து இரண்டு வாரமாகியிருந்தது. கோப்புக்கும் சந்ததிக்கும் நகலெடுத்து முடிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார்களாம். அதன் நடையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கசாப்புக் கடைக்காரன் எழுதியதுபோல இருக்கிறது, ஒரு உவமைகூட இல்லை, லத்தீன் இல்லை, இவன்தான் கடல்களை ஆளப்போகிறானா என்றார் கார்ட்ரைட்.

நான் தட்டை வைத்துவிட்டு அந்தத் தாளை லாரபி கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று பிற்பாடு எனக்கு ஒரு கடிதம் வந்தது. இருக்கட்டும். அதில் இவ்வளவுதான் இருந்தது:

"ஐயா, கடிதம் கிடைத்தது. படித்தேன். 214 என்ற பெயரில் என் கப்பலில் யாரும் இல்லை. அமெரிக்கன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லோரையும் விட முடியாது. உங்கள் ஆள் பெயரைச் சொல்லுங்கள், இறக்கிவிடுகிறேன். செப்டம்பர் முடிந்ததும் எனக்கு ஜமைக்கா போக உத்தரவு. அங்கே காய்ச்சல் மோசம். அதற்குள் எழுதுங்கள். ஆஷ்பி."

இதற்கு என்ன பதில் எழுதினீர்கள் என்றேன். எழுதிக்கொண்டிருப்பதாக லாரபி சொன்னார். குடியரசைப் பார்த்து 'எழுதுங்கள்' என்று கட்டளை இடுவதா என்பதைப் பற்றியே ஏழு தாள் வந்துவிட்டதாம்.

"பேரு. அவன் பேரைத்தானே கேக்கிறான். பேரை எழுதுங்க" என்றேன்.

முடியாது என்றார்கள். பெயர் ரகசியம் என்று குழு தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானத்தை நீக்க ஐந்தில் நாலு பேர் வேண்டும். ஒரு உறுப்பினர் கடன்காரர்களுக்குப் பயந்து டெலவேர் பக்கம் போயிருந்தார், கல்லூரித் தலைவர் ஆப்பிள் பறிக்கும் பருவம் என்று ஊருக்குப் போயிருந்தார். அவர்கள் திரும்பி வரட்டும் என்றார்கள்.

நான் தமாரிஸை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணையும் சேர்த்துத்தான். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "பேரு அவங்களுக்கு மறந்துபோச்சா அக்கா?" என்று கேட்டாள். இல்லை, மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றேன். அவளுக்கு அது விளங்கவே இல்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

நானே ஒரு தாளில் எழுதினேன். கேப்டன் ஐயா, அரசாங்கம் 214 என்று எழுதியது ஆசா ஃபென்னரைத்தான், பிலடெல்பியாவில் பிறந்தவன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு, எழுதியது அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். இந்த வெங்காயத்துக்கு மூன்று பிரதி எதற்கு, ஒன்றே போதும். ஹாலிஃபாக்ஸ் பக்கம் காட் மீன் பிடிக்கப் போகும் படகுக்காரன் ஒருவனைத் தமாரிஸ் பிடித்தாள். அவனும் நல்லவன், மீனைப்பற்றிக் கவலைப்படாமல் நேரே போனான். எதிர்க்காற்று. அவன் போய்ச் சேர்ந்தபோது கான்ஸ்டன்ஸி நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. ஜமைக்கா போகும் கப்பல் ஒன்றில் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

குளிர்காலம் முழுக்க லாரபி அந்தப் பதிலைச் செதுக்கினார். தமாரிஸ் தொடர்ந்து வந்தாள். முன்புபோல முடிந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டாள். வந்து எனக்குப் பாத்திரம் கழுவித் தருவாள். பாய் தைக்கும் கை அல்லவா, வேலை சுத்தமாக இருக்கும்.

மார்ச் மாதம் ஜமைக்காவிலிருந்து ஒரு தாள் வந்தது. இதைக் குழு இரண்டு வாரம் வைத்திருக்கவில்லை. லாரபி மாடியிலிருந்து படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் சந்தோஷம். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஆசாவை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். தமாரிஸும் அப்படித்தான் நினைத்தாள். கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

லாரபி வாசித்தார். போர்ட் ராயல் துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்தவர்களைப் பற்றி ஆஷ்பி அனுப்பிய அறிவிப்பு. அமெரிக்கக் குடிமகனான ஆசா ஃபென்னர், ஜனவரியில் இறந்தான், கடலில் அடக்கம் செய்தோம், உங்கள் சமையல்காரியின் தாள் அதற்குப் பிறகுதான் கிடைத்தது, அவன் பெட்டியை வரும் கப்பலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான்.

நான் தமாரிஸின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"கவனிச்சீங்களா?" என்றார் லாரபி. குரல் நடுங்கியது, ஆனால் துக்கத்தில் இல்லை. "அமெரிக்கக் குடிமகன்னு எழுதியிருக்கான். அவன் கையெழுத்துல, அவன் கடற்படைக் காகிதத்துல. நாம சொன்னதை எழுத்துபூர்வமா ஒத்துக்கிட்டாங்க. இந்த நாடு பொறந்ததுலேருந்து ஒரு கடிதப் போக்குவரத்துல இப்படி ஒரு வெற்றி கிடைச்சதில்ல. உங்க கணவர் அமெரிக்கர்தான்னு ஆங்கிலேயனே சொல்லிட்டாம்மா. ஒரு விதவைக்கு இதைவிட என்ன ஆறுதல் வேணும்?"

என் கையில் அப்போது கரண்டி இருந்தது. அவர் மண்டை உடையாமல் போனதற்கு ஒரே காரணம், தமாரிஸின் தோளிலிருந்து கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை என்பதுதான்.

வெற்றியைக் கொண்டாட விருந்து வைத்தார்கள். என்னைச் சமைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. முடியாது என்று சொல்லத்தான் போனேன். தமாரிஸ் தடுத்தாள். பெரிய விருந்துகளில் வாழ்த்துச் சொல்லிக் குடிப்பார்களே, ஆசாவுக்காகத்தானே விருந்து, அவன் பெயரைச் சொல்லி அத்தனை கனவான்களும் எழுந்து நிற்பார்களே அக்கா, அதை நான் பார்க்க வேண்டும் என்றாள். கல்லறை என்று ஒன்று இல்லாதவளுக்கு அதுவாவது கிடைக்கட்டும் என்று சமைத்தேன். ஆமை சூப், வேகவைத்த ஷாட் மீன், ஆட்டுத் தொடை. அவளும் கூட இருந்து மதேரா ஒயினை எடுத்துவந்து வைத்தாள்.

மாநிலத்துக்கு ஒன்று என்று வாழ்த்துகள் தொடங்கின. ஒருவர் சொல்வார், எல்லோரும் எழுந்து நின்று குடிப்பார்கள், கதவோரம் எழுத்தர் அதைக் குறித்துக்கொள்வார், மறுநாள் செய்தித்தாளில் வரும். அது முறை. குடியரசுக்குக் குடித்தார்கள். காங்கிரஸுக்குக் குடித்தார்கள். சுதந்திரமான கடலுக்கும், பேனாவுக்கும், லாரபிக்கும் குடித்தார்கள். லாரபி நன்றி சொல்லிக் கார்ட்ரைட்டுக்குக் குடித்தார். இரண்டு பேரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவை நாற்காலி நகரும்போதும் தமாரிஸ் நிமிர்ந்து பார்ப்பாள். வாழ்த்துகள் கடைசிக்கு வந்துவிட்டன. நான் லாரபியின் காதோரம் குனிந்து, ஆசா பெயரை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் வருத்தமாக, தீர்மானம் இன்னும் நீக்கப்படவில்லை, பெயர் இப்போதும் ரகசியம்தான் என்றார்.

அதைத் தமாரிஸ் கேட்டிருக்க வேண்டும். தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள். பெண்பிள்ளை, அதுவும் பரிமாற வந்தவள், கோப்பையைத் தூக்கியதைப் பார்த்துப் பேச்சு நின்றது.

"ஆசா ஃபென்னர்" என்றாள்.

பழக்க தோஷத்தில் இரண்டு பேர் பாதி எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் லாரபியைப் பார்த்தார்கள். லாரபி கார்ட்ரைட்டைப் பார்த்தார். கார்ட்ரைட் கோப்பையை மேசைமேல் வைத்தார். பாதி எழுந்தவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

"அதை எழுத வேண்டாம்" என்று லாரபி எழுத்தரிடம் சொன்னார்.

கார்ட்ரைட்டின் நாற்காலிக்குப் பின்னால் சீசாவோடு நின்றிருந்த சிப்பியோ, யாரும் கேட்காமலே ஒரு கோப்பையை நிரப்பி என்னிடம் நீட்டினார். நான் ஆசா பெயரைச் சொல்லி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். தமாரிஸும் குடித்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துச் சமையற்கட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தேன்.

கதவைச் சாத்தும்போது உள்ளே கடைசி வாழ்த்தைக் கார்ட்ரைட் சொல்வது கேட்டது. மனிதகுலம் முழுமைக்கும் என்றார். நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து சரசரவென்று நகர்ந்தன. ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நின்றார்கள்.